ட்ரில்லியம் தொட்டியைக் கொட்டிவிடலாமா?

ஒரு வாசகர் கேட்டது:
"2018 நவம்பரில் பெரிய வெள்ளை ட்ரில்லியம் விதை 30 வாங்கி ஒரு தொட்டியில் போட்டு, மரத்தடி நிழலில் வைத்தேன். இரண்டு குளிர்காலம், இரண்டு வசந்தம் போய்விட்டன. ஒன்றுகூடத் தலைகாட்டவில்லை. விதை செத்துவிட்டது என்று வீட்டில் சொல்கிறார்கள். கொட்டிவிட்டு வேறு ஏதாவது வைக்கலாமா?"

9 மே 2020

கொட்டாதீர்கள். இன்றைக்கு வேறு வேலை எதுவும் செய்யாவிட்டாலும் பரவாயில்லை, அந்தத் தொட்டியை மட்டும் கொட்டாதீர்கள்.

ட்ரில்லியம் மூவிலைக் காட்டுச்செடி. அதன் விதைக்கு இரட்டை உறக்கம். முதல் குளிர்காலம் முடிந்து மண் சூடேறும்போது வேர் மட்டும் வெளியே வரும். அந்தக் கோடை முழுக்க மண்ணுக்குள்ளேயே ஒரு சின்னக் கிழங்கு உருவாகும். மேலே ஒன்றும் தெரியாது. அப்புறம் இரண்டாவது குளிர்காலம். அதைக் கடந்த பிறகுதான் வித்திலை மேலே வரும், அதுவும் புல் இதழ் போல ஒல்லியாக ஒன்றே ஒன்று. களை என்று பிடுங்கிப் போட்டவர்கள் நிறையப் பேர். நானும் பிடுங்கியிருக்கிறேன்.

ஓர் ஓரத்தில் விரலால் மெல்லக் கிளறிப் பாருங்கள். வெள்ளையாக, அரிசியைவிடச் சற்றுப் பெரிய ஒரு முண்டும் அதிலிருந்து ஒரு வேரும் கிடைத்தால் அது உயிரோடு இருக்கிறது. கையில் பட்டால் பஞ்சு போல அமுங்கி, உள்ளே காலியாக இருந்தால் அந்த விதை போய்விட்டது.

9 மே 2020, இரவு

ஒன்றை விட்டுவிட்டேன். நீங்கள் "வாங்கி" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் உறையில் வந்த உலர்ந்த விதை. கோடையில் காய் பழுத்ததும் ஈரத்தோடு எடுத்து அன்றைக்கே விதைத்தால்தான் மேலே சொன்ன கணக்குப் பொருந்தும். காய்ந்த விதை உறக்கத்தில் இன்னும் ஆழமாகப் போய்விடும். அதற்கு ஒரு வருடம் கூடுதலாகப் பிடிக்கலாம். ஆக இரண்டாவது வசந்தத்தில் எதுவும் வராதது உங்கள் தவறு அல்ல.

11 மே 2020

கேட்டவர் கிளறிப் பார்த்திருக்கிறார். நான்கு முண்டு, நான்கிலும் வேர். ஓர் ஓரத்திலேயே நான்கு என்றால் தொட்டி முழுக்க இருக்கும். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து நடந்தேன், அவ்வளவு சந்தோஷம்.

இனிக் கிளறாதீர்கள். அந்த ஒற்றை வேர் ஒடிந்தால் அந்த வருடத்துக்கு அதற்கு வேறு வேர் கிடையாது.

17 மே 2020

"இரண்டு குளிர்காலத்தையும் ஃப்ரிட்ஜுக்குள் வைத்தே முடித்துவிடலாமே, எதற்கு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும்?" என்று இன்னொருவர் கேட்கிறார்.

முடியும். செய்தும் பார்த்தேன். ஈரமான வெர்மிகுலைட் என்ற கனிமத் துகளில் 40 விதையைக் கலந்து ஜிப் பையில் போட்டு, மூன்று மாதம் ஃப்ரிட்ஜ், மூன்று மாதம் அறையின் சூடு, மறுபடி மூன்று மாதம் ஃப்ரிட்ஜ். 31 விதையில் வேர் வந்தது. அவ்வளவு நல்ல விகிதம் எனக்கு வெளியில் வைத்த தொட்டியில் கிடைத்ததே இல்லை.

சிக்கல் அதற்குப் பிறகுதான். கோடையில் விதையை எடுத்து உடனே ஃப்ரிட்ஜில் வைத்ததால் ஒன்பது மாதம் கழித்து, வசந்தம் முடியப்போகும் நேரத்தில், இலைகள் வந்தன. காட்டில் இதன் இலைக்கு நல்ல வெளிச்சம் கிடைப்பதே மரம் துளிர்ப்பதற்கு முந்தைய சில வாரங்கள்தான். என் குஞ்சுகள் வந்த நேரத்தில் வெளியில் மரம் முழுக்க இலை, வெயில் வேறு. விளக்கின் கீழ் வைத்தேன். பூஞ்சை பிடித்தது. அடுத்த வசந்தத்தில் எண்ணிப் பார்த்தபோது மிச்சம் ஆறு.

அதனால் இப்போது தொட்டியை வெளியிலேயே வைத்துவிடுகிறேன். எலி தோண்டாமல் இருக்க மேலே கம்பிவலை. பாசி படராமல் இருக்க விதையின் மேல் ஒரு சென்டிமீட்டர் மண்ணும், அதற்கு மேல் பொடி ஜல்லியும். மாதம் ஒரு பார்வை, காய்ந்திருந்தால் பூவாளியால் தண்ணீர்.

18 மே 2020

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன், ஃப்ரிட்ஜ் மேல் பழி போட்டது போல இருக்கிறது. தவறு முறையில் இல்லை, நான் தொடங்கிய மாதத்தில் இருந்தது. இலை வெளியே வரவேண்டிய நாளை முதலில் முடிவு செய்து, அங்கிருந்து பின்னோக்கி எண்ணித் தொடங்கியிருக்க வேண்டும். திரும்பச் செய்தால் அப்படித்தான் செய்வேன்.

2 ஜூன் 2020

"எங்கள் மரத்தடியில் நிழல் அதிகம், அதனால்தான் எதுவும் வருவதில்லை" என்று மூன்று பேர் தனித்தனியாக எழுதியிருக்கிறீர்கள். இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும்.

பெரும்பாலும் நிழல் குற்றவாளி அல்ல. வறட்சிதான். மேப்பிள் மரத்தடியில் முதல் பாத்தி போட்டபோது எனக்கும் இது புரியவில்லை. மேப்பிளின் வேர்கள் மேல்மண்ணிலேயே பாய் பின்னியது போலப் பரவும். மழை பெய்தால் பாதியை இலைக்கூரையே தடுத்துவிடும், மீதியை அந்தப் பாய் குடித்துவிடும். அதற்கடியில் நிற்கும் சின்னச் செடிக்கு என்ன கிடைக்கும்? நான் என்ன செய்தேன் என்றால், மண்ணை வரவழைத்து ஒரு சாண் உயரத்துக்குப் பாத்தியைத் தூக்கினேன். முதல் வருடம் எல்லாம் அருமை. மூன்றாம் வருடம் ஒரு செடியை இடம் மாற்றத் தோண்டினால் புது மண் முழுக்க மேப்பிள் வேர். மரத்துக்கு நான் விருந்து வைத்திருந்தேன்.

ஓக் மரத்தடி வேறு கதை. மேலே இவ்வளவு நெருக்கமாக வேர் இல்லை, கொத்துவதற்கு இடம் கிடைக்கிறது. என்னிடம் இருக்கும் நல்ல செடிகள் எல்லாமே ஒரே ஓக் மரத்தைச் சுற்றித்தான்.

அப்புறம் நிழலிலும் வகை உண்டு. வருடம் முழுக்க இலையோடு நிற்கும் ஊசியிலை மரத்தின் நிழல் வேறு, இலை உதிர்க்கும் மரத்தின் நிழல் வேறு. காட்டுத் தரைச் செடிகளில் பல, மரம் இலை விடுவதற்கு முன் தரைக்கு வந்து விழும் வெயிலை நம்பிப் பிழைப்பவை. எரித்ரோனியம் போன்றவை அந்தச் சில வாரத்தில் பூத்து, சாப்பாட்டைக் கிழங்கில் சேர்த்து வைத்துவிட்டு, கோடை பிறக்கும்போது மண்ணுக்கு மேல் காணாமலே போய்விடும். நமக்கு அது நிழல் செடி. அதற்கோ வேண்டியது வசந்த வெயிலும் கோடை நிழலும். இரண்டில் எது குறைந்தாலும் பூ இருக்காது.

வறண்ட நிழல்தான் இருக்கிறது, வேறு இடமே இல்லை என்றால் எபிமீடியம் வையுங்கள். முதல் இரண்டு கோடை தண்ணீர் கொடுத்து வேரூன்ற வைத்தால் அப்புறம் மேப்பிளோடு மல்லுக்கட்டும் சக்தி அதற்கு உண்டு. குளிர்காலக் கடைசியில், பூமொட்டு தலைதூக்கும் முன், பழைய இலைகளை ஒட்ட நறுக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் பூ இலைக்கடியில் ஒளிந்துகொள்ளும்.

3 ஜூன் 2020

மேலே எபிமீடியம் என்று பொதுவாகச் சொல்லிவிட்டேன். ஐரோப்பா, காக்கசஸ் பகுதியிலிருந்து வந்த பழைய வகைகளும் அவற்றின் கலப்புகளும்தான் வறட்சி தாங்கும். நீளமான புள்ளியிட்ட இலையோடு வரும் சீன வகைகளுக்குக் கொஞ்சம் ஈரம் வேண்டும். அவை அழகில் ஒரு படி மேல்தான், ஆனால் மேப்பிள் வேருக்குள் வைத்துப் படுத்தாதீர்கள்.

21 ஜூன் 2020

எரித்ரோனியம் பற்றி: "100 இலை இருக்கிறது, பூ இரண்டுதான்." மஞ்சள் பூப் பூக்கும் அமெரிக்க வகைக்கு அதுதான் இயல்பு. பூக்காத செடிகள் ஒற்றை இலையோடு நிற்கும். இரட்டை இலை விட்டதுதான் பூக்கும். சின்னக் கிழங்கு ஒவ்வொரு வருடமும் கிளைத்தண்டு விட்டு, அதன் நுனியில் புதுக் கிழங்கை இன்னும் ஆழத்தில் வைக்கும். ஆழம் போய், பருத்து, பிறகுதான் பூ. சிலர் கிழங்குக்குக் கீழே தட்டைக் கல் பதித்துப் பார்க்கிறார்கள், கீழே போக முடியாமல் பூக்கும் என்று. நான் பதித்த இடத்தில் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை.

19 ஜூலை 2020

எறும்பு வந்துவிட்டது! ஹெபாட்டிகா விதை முடிந்துபோனது, இப்போது ட்ரில்லியம்.

ட்ரில்லியம் விதை ஒவ்வொன்றிலும் வெளிர் நிறத்தில் ஒரு கொழுப்புத் துணுக்கு ஒட்டியிருக்கும். எறும்புக்கு அது தீனி. காலையில் ஒரு காய் அடிப்பக்கம் பிளந்திருந்தது, பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பார்த்தேன். ஓர் எறும்பு தன்னைவிடப் பெரிய விதையைக் கவ்விப் பின்பக்கமாகவே இழுத்துக்கொண்டு போனது. வழியில் ஒரு சருகு. ஏற முடியவில்லை. இன்னொன்று வந்தது. இரண்டும் சேர்ந்து சுற்றிப் போய்க் கல்லுக்கடியில் நுழைந்தன. நேற்றுவரை அந்தக் கல்லை நகர்த்த வேண்டும் என்று நினைத்திருந்தேன். இனி நகர்த்த மாட்டேன்.

குளவியும் வருகிறது. மஞ்சள் பட்டைக் குளவி ஒன்று விதையைத் தூக்கிக்கொண்டு வேலி தாண்டிப் போனதை இரண்டு முறை பார்த்தேன்.

20 ஜூலை 2020

"எறும்பு விதையைத் தின்றுவிடுகிறதே, பொடி தூவலாமா?" என்று கேட்டிருக்கிறார்கள். நான் எழுதிய விதத்தில் அப்படித் தோன்றியிருக்கிறது, திருத்திக்கொள்கிறேன். தின்பது அந்தக் கொழுப்புத் துணுக்கை மட்டும். விதைக்குச் சேதம் இல்லை. துணுக்கு தீர்ந்ததும் கூட்டின் குப்பை போடும் இடத்தில் தள்ளிவிடும். அங்கே மண் பொலபொலப்பாக இருக்கும், எலிக்கும் எட்டாது. விதைக்கு இதைவிட நல்ல படுக்கையை நான் போட்டுக் கொடுத்ததில்லை. தயவுசெய்து பொடி எதுவும் தூவாதீர்கள்.

எறும்பு சில அடி தூரம்தான் கொண்டு போகும், பெரும்பாலும் அதற்கும் குறைவு. பனியுகம் முடிந்தபின் இந்தச் செடிகள் இவ்வளவு வடக்கே எப்படி வந்து சேர்ந்தன என்பது நீண்ட காலம் ஆய்வாளர்களுக்குப் புதிராக இருந்தது. பிறகு வெள்ளைவால் மானின் புழுக்கையில் முளைக்கும் நிலையில் ட்ரில்லியம் விதைகள் கிடைத்தன. ஒரே இரவில் மொத்தப் பாத்தியையும் மொட்டையடிக்கும் அதே மான்தான், விதையை மைல் கணக்கில் சுமந்திருக்கிறது. இதைப் படித்த பிறகும் என் வேலி எட்டடி உயரத்தில்தான் நிற்கிறது. ஆனாலும் மானைப் பார்க்கும் கண் கொஞ்சம் மாறியிருக்கிறது.

8 ஆகஸ்ட் 2020

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

பூக்கும் பருவத்து ட்ரில்லியம் மிக மலிவாக, ஒரே பையில் பத்து என்று விற்றால் வாங்காதீர்கள். விதையிலிருந்து பூவரை ஏழு வருடம், எட்டு வருடம், சில சமயம் அதற்கும் மேல். அவ்வளவு காலம் தண்ணீர் ஊற்றி, களை எடுத்து வளர்த்தவர் யாரும் அந்த விலைக்குக் கொடுக்க முடியாது. அது காட்டில் தோண்டியது.

தெரியாமல் நானும் ஒருமுறை வாங்கினேன். பிரித்தால் ஒவ்வொரு கிழங்கும் ஒவ்வொரு அளவு, வேர்கள் பாதி அறுந்திருந்தன, ஒன்றோடு காட்டுப் பாசியும் வேறொரு செடியின் வேரும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தன. நாற்றங்காலில் வளர்ந்தது என்று விற்றவர் எழுத்தில் சொல்லியிருந்தார். கேட்டதற்குப் பதில் வரவில்லை. பத்தில் இரண்டு பிழைத்தன. அந்த இரண்டும் ஒவ்வொரு வருடமும் பூக்கின்றன. பூக்கும்போதெல்லாம் எங்கோ ஒரு சரிவில் இருக்கும் குழி ஞாபகத்துக்கு வருகிறது.

சிப்ரிபீடியம் ஆர்க்கிட் இன்னும் மோசம். அதன் விதை தூசி போன்றது, உள்ளே சேமித்த உணவே கிடையாது. மண்ணில் தகுந்த பூஞ்சை வந்து ஊட்டினால்தான் முளைக்கும். காட்டிலிருந்து பெயர்த்து வந்து நட்டால் பெரும்பாலும் சில வருடத்தில் தேய்ந்து மறைந்துவிடும். பிரிட்டனில் மஞ்சள் சிப்ரிபீடியத்தைத் தோண்டித் தோண்டியே தீர்த்தார்கள். கடைசியில் யார்க்‌ஷரில் காட்டுச்செடி ஒன்றே ஒன்று மிஞ்சி, பல பத்தாண்டுகள் காவலில் இருந்தது. பிறகு கியூ தாவரவியல் பூங்காவில் குடுவைக்குள் விதையை முளைக்கவைக்கும் வழியைக் கண்டுபிடித்து, நாற்றுகளைக் காட்டில் நட்டார்கள். அவற்றில் ஒன்று 2000ஆம் ஆண்டு முதன்முறையாகப் பூத்தது. இன்றைக்கு ஆய்வகத்தில் முளைத்த சிப்ரிபீடிய நாற்றுகள் விற்பனைக்கு வருகின்றன. விலை கூடுதல்தான். அதைக் கொடுத்து வாங்குங்கள்.

பனித்துளிப்பூ (கலாந்தஸ்), சைக்ளமன், எல்லா ஆர்க்கிட்டுகளும், அரிய உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலில் இருப்பவை. எல்லை தாண்டி விற்க வாங்க அனுமதித் தாள் வேண்டும். ட்ரில்லியத்தைப் பொறுத்தவரை விற்பவரிடம் மூன்று கேள்வி கேட்டாலே போதும்: விதையா பிரித்ததா, எத்தனை வயது, தாய்ச்செடி எங்கே. உண்மையாக வளர்த்தவர் அரைமணி நேரம் நிறுத்தாமல் பேசுவார்.

9 ஆகஸ்ட் 2020

ஒரு விதிவிலக்கைச் சொல்ல மறந்தேன். சாலை போடவோ வீடு கட்டவோ காட்டை அழிக்கும் இடத்தில், நில உரிமையாளரின் அனுமதியோடு முன்கூட்டியே செடிகளை மீட்டு வரும் குழுக்கள் இருக்கின்றன. அது வேறு. அப்படி வந்த செடிக்கு என் பாத்தியில் எப்போதும் இடம் உண்டு.

30 ஆகஸ்ட் 2020

ஷார்ட்டியா என்ற அரிய காட்டுச்செடி கிடைத்தால் எப்படி வளர்ப்பது என்று கேட்டவருக்கு: அமில மண், வற்றாத ஈரம், மேலோட்டமான வேரைக் கொத்தாமல் விடுவது. இரண்டு முறை வைத்தேன், இரண்டு முறையும் இழந்தேன். இரண்டுக்கும் காரணம் கோடையில் நான் தவறவிட்ட ஒரு வாரத் தண்ணீர்.

ஆனால் அதன் கதையைச் சொல்லாமல் விட மனசில்லை. ஆந்த்ரே மிஷோ என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் 1788இல் கரோலைனா மலைப்பகுதியில் அதைச் சேகரித்தார். உலர்ந்த மாதிரி பாரிஸில் பெயரில்லாமல் கிடந்தது. 1839இல் அமெரிக்கத் தாவரவியலாளர் ஏசா கிரே அதைப் பார்த்தார். ஊர் திரும்பித் தேடினார். கிடைக்கவில்லை. கிடைக்காமலேயே, தாவரவியலாளர் ஷார்ட்டின் பெயரை அதற்கு வைத்தார். ஷார்ட் அந்தச் செடியைப் பார்க்காமலேயே இறந்துபோனார். 1877இல் வட கரோலைனாவில் ஓர் ஆற்றங்கரையில் பதின்ம வயதுப் பையன் ஒருவன் அதைப் பறித்துவந்தான். அப்பா மூலிகை சேகரிப்பவர், ஆதலால் விஷயம் கிரேயிடம் போய்ச் சேர்ந்தது. கிரே உயர்ந்த மலைகளில் தேடியிருந்தார், ஏனென்றால் மிஷோவின் சீட்டில் உயர்ந்த மலைகள் என்று எழுதியிருந்தது. செடி இருந்ததோ தாழ்வான ஆற்றோரங்களில்.

நான் மேட்டில் நட்டு இழந்ததற்குக் காரணம் கேட்டால் இதையே சொல்லலாம். அடுத்தது ஓடைப்பக்கம், வடக்கு பார்த்த சரிவில்.

31 ஆகஸ்ட் 2020

ஷார்ட்டியா பேரினத்தின் மற்ற இனங்கள் எல்லாம் கிழக்கு ஆசியாவில்தான். இந்த ஒன்று மட்டும் அமெரிக்காவில். ஜெஃபர்சோனியாவும் அப்படியே: ஓர் இனம் வட அமெரிக்காவின் கிழக்கே, இன்னொன்று கொரியா, வடகிழக்குச் சீனப் பக்கம். கிரேதான் ஜப்பானிய, வட அமெரிக்கச் செடிகளின் இந்த ஒற்றுமையை விரிவாக எழுதியவர். தோட்டக்காரருக்கு இதில் பயன் உண்டு. ஒன்றை நன்றாக வளர்க்கத் தெரிந்தால் கடல் தாண்டி இருக்கும் அதன் ஒன்றுவிட்ட சகோதரியும் அநேகமாக அதே பாத்தியில் வரும். என்னிடம் இரண்டு ஜெஃபர்சோனியாவும் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கின்றன. ஒன்று வெள்ளை, ஒன்று வெளிர் ஊதா. பூ இரண்டு மூன்று நாள்தான். ஆனால் மூடி திறக்கும் பெட்டி போன்ற அமெரிக்க வகையின் காயைப் பார்க்கவே வளர்க்கலாம்.

4 அக்டோபர் 2020

இலை விழத் தொடங்கியாயிற்று. கூட்டி மூட்டை கட்டாதீர்கள். அது உங்கள் செடிகளின் அடுத்த மூன்று வருடச் சாப்பாடு.

மேப்பிள் இலை நனைந்தால் ஈரக் காகிதம் போலப் படிந்து மூச்சுமுட்ட வைக்கும். ஆகவே புல்வெட்டியை அதன் மேல் ஓட்டி நொறுக்கிவிட்டுப் பரப்புவேன். ஓக் இலை சுருண்டுகொள்ளும், காற்றுப் போகும். அதை அப்படியே விடலாம். மிச்சத்தைக் கம்பிவலைக் கூண்டில் போட்டு இரண்டு வருடம் மறந்துவிடுங்கள், இலைமட்கு தானாகக் கிடைக்கும். விதைத்தொட்டிக்கு முன்பு கடையில் வாங்கிய பஞ்சு போன்ற கலவையைத்தான் போட்டேன். ஒருமுறை காய்ந்தால் அது தண்ணீரை உள்ளே விடாது. இப்போது இலைமட்கு, தோட்டத்து மண், பொடி ஜல்லி மூன்றும் சம பங்கு.

5 அக்டோபர் 2020

"இலையை விட்டால் ஓடில்லா நத்தை பெருகாதா?" பெருகும். அதனால் அரிய செடிகளைச் சுற்றி ஒரு சாண் அளவுக்கு இலை இல்லாமல் பொடி ஜல்லி போடுகிறேன். வசந்தத்தின் முதல் ஈரமான இரவுகளில் விளக்கோடு போய்ப் பொறுக்குகிறேன். அந்த இரண்டு வாரம் தப்பினால் செடி தப்பியது.

11 அக்டோபர் 2020

காட்டுத் தரைக்கு மண்புழு கெடுதல் என்று நான் சொல்லவே இல்லை என ஒருவர் கோபமாகவே எழுதியிருக்கிறார். அவர் சொல்வது சரி, நான் விளக்கமாகச் சொல்லியிருக்க வேண்டும்.

மண்புழு உழவனின் நண்பன் என்றுதான் நாம் எல்லோரும் படித்தோம். வயலுக்கு அது உண்மை. ஆனால் வட அமெரிக்காவில் பனியுகப் பனிப்பாளம் மூடியிருந்த காடுகளில் அதற்குப் பின் மண்புழுவே இல்லை. அங்குள்ள தரைச்செடிகள், பல வருடம் மெல்ல மட்கும் இலைப் படுக்கைக்குள் வளர்ந்து பழகியவை. ஐரோப்பியர்களோடு வந்த மண்புழுக்கள் அந்தப் படுக்கையையே தின்று தீர்க்கின்றன. இப்போது ஆசியத் துள்ளும் புழுவும் சேர்ந்திருக்கிறது. தொட்டால் பாம்பு போல நெளிந்து துள்ளும். அது இருக்கும் இடத்தில் மேல்மண் காப்பித்தூள் போல உதிரியாகிவிடும். உறைபனியில் புழு செத்துவிடும், கடுகளவு முட்டைக்கூடு சாகாது.

அதனால் ஒரு பழக்கத்தை மாற்றிக்கொண்டேன். முன்பெல்லாம் நண்பர்களுக்கு மண்ணோடு பெயர்த்துக் கொடுப்பேன், அதுதான் அன்பு என்று நினைத்தேன். இப்போது வேரைத் தண்ணீரில் அலசி, மண் முழுக்கப் போன பிறகுதான் கொடுக்கிறேன், வாங்குகிறேன். கிழங்குள்ள செடிகள் ஓய்வில் இருக்கும் இலையுதிர் காலத்தில் இதைத் தாங்கும்.

22 நவம்பர் 2020

பெயர்ப்பட்டை: பென்சில். அழியாத மை என்று விற்கும் பேனா எல்லாம் மூன்று வெயிலில் போய்விடுகிறது. கோடையில் மறைந்துவிடும் செடி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் என் மண்வெட்டி, சேம்புக் குடும்பத்தைச் சேர்ந்த ஓர் அரிசீமா கிழங்கை இரண்டாகப் பிளந்திருக்கிறது.

23 நவம்பர் 2020

அந்த அரிசீமா பற்றி மூன்று கேள்வி. பிழைத்தது, ஆனால் அடுத்த வருடம் ஆணாக வந்தது. ஆமாம், இது மாறும். கிழங்கு சின்னதாக இருந்தால் ஆண் பூ, பருத்துச் சேமிப்பு நிறைந்தால் பெண் பூ. காய் பிடித்துக் களைத்துப்போன பெண் செடி அடுத்த வருடம் ஆணாகத் திரும்புவதும் உண்டு. ஆண் பூவின் குழலுக்கு அடியில் சின்னத் திறப்பு இருக்கும், உள்ளே விழுந்த கொசு போன்ற ஈ மகரந்தத்தோடு அதன் வழியே தப்பும். பெண் பூவில் அந்த வழி கிடையாது. விழுந்த ஈ உள்ளேயே சுற்றிச் சுற்றிச் சாகும். முதன்முதலில் குழலைப் பிரித்து இதைப் பார்த்த அன்று என்னால் வேறு வேலை பார்க்க முடியவில்லை.

18 ஏப்ரல் 2021

முதல் கேள்வியைக் கேட்டவர் எழுதியிருக்கிறார். 19 இலை! 30இல் 19, அதுவும் காய்ந்த விதையிலிருந்து. ஒற்றை ஒல்லி இலை 19.

அவர் அடுத்துக் கேட்டது: பிரித்துத் தனித்தனியாக நடலாமா? வேண்டாம். இந்த வருடம் அந்த ஒரே இலை. அடுத்த வருடம் அகலமான ஒற்றை இலை. அதற்கும் அடுத்தோ, மேலும் ஒரு வருடம் கழித்தோதான் மூவிலை. மூவிலை வந்தபின், இலையுதிர் காலத்தில் பிரியுங்கள். அதுவரை நெருக்கம் அவற்றுக்குப் பிடிக்கும். இலை பச்சையாக நிற்கும்வரை காயவிடாதீர்கள். ஒரு வாரம் கூடுதலாக நின்றால் கிழங்கில் அவ்வளவு சேமிப்பு. இலை மஞ்சளாகிப் படுத்தால் பயப்படாதீர்கள், அது தூக்கம்.

பூப் பறிக்க ஆசைப்படும் குழந்தைகள் வீட்டில் இருந்தால் இதையும் சொல்லிவையுங்கள்: மூவிலையோடு சேர்த்துப் பறித்தால் அந்த வருடத்துக்குச் செடிக்கு வேறு இலை கிடையாது. எல்லாச் சேமிப்பும் அந்த மூன்றிலிருந்துதான் வரவேண்டும்.

2 மே 2021

இன்று என் தோட்டத்தில் 2013 கோடையில் விதைத்த தொட்டியிலிருந்து முதல் பூ. மூன்று செடி, மூன்று பூ. ஏழு என்று சொல்லிக்கொண்டே வந்தேன், எனக்கு எட்டு வசந்தம் ஆகியிருக்கிறது. காலையிலிருந்து நான்கு முறை போய்ப் பார்த்துவிட்டேன். வாங்கிய அந்த இரண்டைவிட இந்த மூன்றும் சின்னப் பூதான். இவற்றுக்குப் பக்கத்தில் உட்காரும்போது எந்தக் குழியும் ஞாபகத்துக்கு வரவில்லை.

16 மே 2021

இதழ்கள் இளஞ்சிவப்பாக மாறத் தொடங்கிவிட்டன. "நோயா?" என்று படம் பார்த்தவர் கேட்கிறார். இல்லை, பெரிய வெள்ளை ட்ரில்லியம் வயதாகும்போது அப்படித்தான் சிவக்கும்.

11 ஜூலை 2021

மூன்றிலும் காய். மென்மையாகத் தொடங்கியதும் மெல்லிய துணிப் பை கட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஒரே காலையில் எறும்பும் குளவியும் காலி செய்துவிடும். இரண்டு காய்க்குக் கட்டினேன். மூன்றாவது அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதைக் கட்டாமல் விட்டுவிட்டேன்.

25 ஜூலை 2021

பை கட்டியதில் 37 விதை. எழுதிக் கேட்ட ஐந்து பேருக்கு ஆளுக்கு ஏழு. ஈரப் பாசியில் சுற்றி, சின்ன ஜிப் பையில் போட்டு நாளை அனுப்புகிறேன். பிரித்துப் பார்த்துவிட்டு மேசைமேல் வைத்துவிடாதீர்கள். தொட்டியை இன்றைக்கே நனைத்து வையுங்கள், வந்த அன்றே விதைத்துவிடுங்கள். லேபிளில் பென்சிலால் தேதி.